காதில் தொடங்கும் ஸ்பெல்லிங்

“எஃப் ஆர் ஐ இ என் டி, ஃப்ரெண்ட்.” டிக்டேஷன் டெஸ்ட்டுக்கு முந்தைய மாலை, சின்ன வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த ஓதல் கேட்கும். பிள்ளை ராகம் போட்டு இருபது முறை சொல்கிறது. நாலு கோடு நோட்டில் பத்து முறை எழுதுகிறது. அம்மா கேட்டால் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிறது. மறுநாள் டெஸ்ட்டில் நடுவில் இருக்கும் ‘ஐ’யைக் காணோம். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால், அந்தச் சொல்லைப் பார்த்தே இராததுபோல் விழிக்கிறது. கவனம் போதவில்லை என்று முடிவு கட்டி, இன்னும் ஐம்பது முறை எழுதச் சொல்கிறோம்.

பிள்ளையின் கவனத்தில் குறையில்லை, கோளாறு பயிற்சியில்தான். ஒப்பிக்கும்போது பிள்ளை மனப்பாடம் செய்வது எழுத்துகளின் பெயர்களை. அந்தப் பெயர்களுக்கும் சொல்லில் கேட்கும் ஒலிகளுக்கும் பல இடங்களில் தொடர்பே கிடையாது. ‘எச்’ என்ற பெயருக்குள் ‘ஹ’ ஒலி இல்லை. ‘டபிள்யூ’ என்ற பெயருக்குள் ‘வ’ ஒலி இல்லை. ஒலியோடு ஒட்டாத எழுத்து வரிசை, தொலைபேசி எண்ணைப் போல நினைவில் சில மணி நேரம் தங்கிவிட்டுப் போய்விடுகிறது.

ஸ்பெல்லிங் காதில் தொடங்குகிறது. பிறகுதான் கைக்கும் கண்ணுக்கும் வருகிறது. கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். இந்த அத்தியாயத்தில் வரும் விளையாட்டுகள் எல்லாம் அந்த வரிசையில் அமைந்தவை. வீட்டில் கிடைக்கும் பொருள்களே போதும்.

குழப்பத்துக்கு ஒரு வரலாறு

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26, ஒலிகள் ஏறத்தாழ 44. எழுத்துப் பற்றாக்குறை அங்கேயே தொடங்கிவிடுகிறது. அதற்கு மேல் வரலாறும் சேர்ந்துகொண்டது. 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு வந்ததும் சொற்களின் எழுத்து வடிவம் மெல்ல மெல்ல உறையத் தொடங்கியது. அதே நூற்றாண்டுகளில் மக்கள் வாயில் நெடில் உயிரொலிகள் இடம் மாறிக்கொண்டிருந்தன. இன்று ‘நேம்’ என்று நாம் படிக்கும் சொல் ஒரு காலத்தில் ஏறத்தாழ ‘நாம’ என்று ஒலித்தது. கடைசியில் நிற்கும் ‘இ’ எழுத்தையும் வாய்விட்டுச் சொன்னார்கள். போர்வீரனைக் குறிக்கும் ‘நைட்’ சொல்லின் முதலில் இருக்கும் ‘கே’யும் அப்படித்தான். ஒலி போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ சொல்லின் நடுவே உள்ள ‘பி’ கதை வேறு. லத்தீன் மூலத்தை நினைவூட்ட வேண்டும் என்று படித்தவர்கள் பின்னாளில் செருகியது அது. ஆங்கிலத்தில் அதை யாரும் ஒலித்ததே இல்லை.

இதனால் ஆங்கில ஸ்பெல்லிங்கில் ஒழுங்கே கிடையாது என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. 1966-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பால் ஹன்னா குழுவினர், பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆங்கிலச் சொற்களைக் கணினியிடம் கொடுத்தார்கள். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள விதிகளை மட்டும் வைத்து அது எழுத வேண்டும். ஏறத்தாழப் பாதிச் சொற்களை அது பிழையின்றி எழுதியது. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான சொற்களில் ஒரே ஒரு பிழை. ஆக, பெரும்பாலான சொற்களில் பிள்ளை தனியாக நினைவில் வைக்க வேண்டியது அதிகம் போனால் ஓர் எழுத்தைத்தான்.

மூளை செய்யும் வேலை

எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்கென்று மூளையில் பிறவியிலேயே தனி இடம் அமைய அவ்வளவு காலம் போதாது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஸ்டானிஸ்லாஸ் டெஹேனும் லாரன் கோஹனும் காட்டியது இது: முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில், இடப் பக்கமாக ஒரு சிறு இடத்தை, படிக்கக் கற்கும் குழந்தையின் மூளை எழுத்துகளுக்காக ஒதுக்குகிறது. அந்த இடம் பேச்சொலியைக் கையாளும் பகுதிகளோடு இணைந்த பிறகே சொல் நிலைக்கிறது. ஒலியும் எழுத்தும் இப்படிப் பிணைவதை அமெரிக்க உளவியலாளர் லின்னியா எஹ்ரி பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். ஒரு சொல்லின் ஒவ்வொரு ஒலியும் அதற்குரிய எழுத்தோடு சேர்ந்துவிட்டால், சில முறை பார்த்தாலே போதும், சொல் நினைவில் நின்றுவிடும் என்பது அவர் கண்டது.

பல பெற்றோர் பதறும் ஒரு விஷயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. ‘பேட்’டின் முதல் எழுத்தையும் ‘டாக்’கின் முதல் எழுத்தையும் பிள்ளைகள் இடம் வலம் மாற்றிப் போடுவார்கள். கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் கோப்பை கோப்பைதான் என்று மூளை பழகியிருக்கிறது. எழுத்துக்கு மட்டும் திசை முக்கியம் என்பதை அது புதிதாகக் கற்க வேண்டும். ஆறு, ஏழு வயது வரை இந்தக் குழப்பம் இயல்பு. அதற்காகத் திட்டத் தேவையில்லை.

தமிழ்க் காது

தமிழ் பேசும் பிள்ளைக்கு இங்கே தனிச் சிக்கல் உண்டு. பன்றியைக் குறிக்கும் ‘பிக்’, பெரியது என்று பொருள்படும் ‘பிக்’ இரண்டையும் தமிழில் எழுதினால் ஒரே வடிவம்தான். பூனைக்கு ‘கேட்’, வாசல் கதவுக்கும் ‘கேட்’. ஆங்கிலக் காதுக்கு இவை வெவ்வேறு ஒலிகள்.

பிள்ளையின் வாய்க்கு இவற்றில் பல ஒலிகள் புதியவை அல்ல. ‘அப்பா’வில் வரும் ‘ப’வையும் ‘அம்பு’வில் வரும் ‘ப’வையும் சொல்லிப் பாருங்கள், இரண்டும் வேறு. ‘பக்கம்’, ‘பங்கு’ இரண்டிலும் உள்ள ‘க’வும் அப்படியே. ஒலி சொல்லில் எங்கே வருகிறது என்பதே அது எப்படி ஒலிக்கும் என்பதைத் தீர்மானிப்பதால், தமிழுக்குத் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்துக்குத் தேவைப்படுகிறது.

முதல் விளையாட்டு அதனால் எழுத்தே இல்லாதது. அம்மா ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும். முதல் ஒலி ‘அப்பா ப’வா, ‘அம்பு ப’வா என்று பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். பென், பால், பாக்ஸ், பாட் என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் தொண்டையில் இரண்டு விரல் வைத்துச் சொல்லிப் பார்க்கட்டும். ‘அம்பு ப’வில் உதடு மூடியிருக்கும்போதே தொண்டை அதிரும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட இதை விளையாடலாம்.

புளியங்கொட்டைக் கட்டம்

டானியல் எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர் வகுத்த முறை இது. உலகெங்கும் ஆசிரியர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஒரு தாளில் வரிசையாக மூன்று கட்டம் போடுங்கள். கையில் சில புளியங்கொட்டை. சொல்லை மெதுவாகச் சொல்லி, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கொட்டையைப் பிள்ளை கட்டத்துக்குள் நகர்த்த வேண்டும். பிறகு கொட்டையை எடுத்துவிட்டு, அந்தக் கட்டத்தில் அந்த ஒலிக்குரிய எழுத்தை எழுத வேண்டும்.

முதல் நாள் இப்படித்தான் போகும்:

“கப். எத்தனை சத்தம் கேக்குது கண்ணு?”

“க்… அ… ப்… உ. நாலும்மா. கட்டம் பத்தலை.”

“கடைசியில ‘உ’ இருக்கா? கப்பு இல்ல, கப். வாயை மூடி நிறுத்து.”

“க்… அ… ப்.” நாலாவது கொட்டை திரும்பக் கைக்கு வருகிறது.

தமிழில் சொல் வல்லெழுத்தில் முடியாது. அதனால் நம் வாய் தானாக ஓர் ‘உ’வைச் சேர்த்துக்கொள்கிறது. ‘ஸ்கூல்’ முன்னால் ‘இ’ சேர்ந்து ‘இஸ்கூல்’ ஆவதும் இதே பழக்கத்தால்தான். கொட்டை நகர்த்தும் பிள்ளை இந்த விருந்தாளி ஒலிகளைத் தானே பிடித்துவிடும். ஒருமுறை பிடித்துவிட்டால், இல்லாத ஒலிக்கு எழுத்துத் தேடும் பிழை குறையும்.

அடுத்த படி ‘ஷிப்’. ஒலி மூன்று, எழுத்து நான்கு. “எஸ், எச் ரெண்டும் எங்கம்மா வைக்கிறது?” என்று பிள்ளை கேட்கும். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதக் காட்டுங்கள். இரண்டு எழுத்து சேர்ந்து ஓர் ஒலி தரும் என்ற விதியை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

ஓர் எழுத்து மாற்று

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி எழுத்து அட்டை செய்யலாம். எந்த எழுத்து எத்தனை வேண்டும் என்பதற்கு நல்ல வழிகாட்டி உண்டு. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், செய்தித்தாள் பக்கங்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்து ஒரு விளையாட்டை உருவாக்கினார். அதுவே இன்றைய ஸ்க்ராபிள். அதன் 100 வில்லைகளில் ‘இ’ 12, ‘ஏ’யும் ‘ஐ’யும் 9 வீதம், ‘ஓ’ 8, ‘க்யூ’வும் ‘இஸட்’டும் ஒவ்வொன்று. உங்கள் அட்டைகளையும் இந்த விகிதத்தில் செய்தால் சொல் கட்டும்போது எழுத்து பற்றாமல் போகாது.

விளையாட்டு எளிது. ‘ஹாட்’ என்று அடுக்குங்கள். ஒரே ஓர் அட்டையை மாற்றி ‘ஹட்’ ஆக்கச் சொல்லுங்கள். பிறகு நட், நெட், பெட், பென், டென், டின், பின். ஒவ்வொரு முறையும் எந்த ஒலி மாறியது, அது முதலிலா நடுவிலா கடைசியிலா என்று பிள்ளை கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். எட்டு மாற்றத்தில் ஒன்பது சொல் கைவசம்.

ஒலிக்காத ‘இ’க்கு ஒரு மடிப்புச் சீட்டு செய்யலாம். நீளத் தாளில் ‘கிட்’ என்று எழுதி, கடைசி ஓரத்தில் ‘இ’ எழுதிப் பின்னால் மடித்துவிடுங்கள். மடிப்பைத் திறந்தால் ‘கைட்’. ‘நாட்’ இப்படியே ‘நோட்’ ஆகும், ‘கட்’ ‘க்யூட்’ ஆகும். ஒரு காலத்தில் வாய்விட்டு ஒலித்த அந்த ‘இ’, இன்று தன் குரலை இழந்து, முன்னால் இருக்கும் உயிரை மாற்றும் வேலையை மட்டும் செய்கிறது.

எழுத்துகளைக் கையில் எடுத்துச் சொல் கட்டும் பழக்கத்தைப் பரப்பியவர் மரியா மாண்டிசோரி. 1907-இல் ரோமின் ஏழைப் பகுதியில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கும் உப்புத்தாள் எழுத்துகளும், எடுத்து அடுக்கும் எழுத்துகளும் இருந்தன. 1939-இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்; போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்தார்.

அட்டையோடு மட்டும் நிறுத்திவிடக் கூடாது. 1990-இல் ஆன் கன்னிங்ஹாமும் கீத் ஸ்டானோவிச்சும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று வழிகளில் ஸ்பெல்லிங் கற்பித்துப் பார்த்தார்கள்: கையால் எழுதுவது, எழுத்து வில்லைகளை அடுக்குவது, கணினியில் தட்டுவது. கையால் எழுதியவர்களே நன்றாகக் கற்றார்கள். 2012-இல் கேரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை மூளை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தட்டச்சு செய்த எழுத்தையோ, புள்ளிக்கோட்டின் மேல் வரைந்த எழுத்தையோ பார்க்கும்போது இருந்ததைவிட, தானே எழுதிய எழுத்தைப் பார்க்கும்போது, படிப்புக்கு உதவும் பகுதிகள் அதிகமாக இயங்கின. குழந்தையின் எழுத்து ஒவ்வொரு முறையும் கோணலாக, வேறு மாதிரி வருவதும் நல்லதே என்கிறார் ஜேம்ஸ். எழுத்துக்கு எது அடிப்படை வடிவம் என்பதை மூளை அதிலிருந்துதான் பிரித்தெடுக்கிறது. தட்டில் பரப்பிய அரிசி மாவு, சிலேட்டு, வாசல் சிமெண்டில் தண்ணீர் தொட்ட தூரிகை, எதிலும் எழுதட்டும். அட்டையில் கட்டிய சொல்லைக் கலைத்துவிட்டு, கையால் எழுதி முடிப்பதே ஆட்டத்தின் கடைசிக் காய் நகர்த்தல்.

மூடிவிட்டு எழுது

பார்த்துப் பார்த்துப் பத்து முறை எழுதும்போது, இரண்டாவது முறையிலிருந்தே மூளைக்கு வேலை இல்லை. கை மட்டும் ஓடும். பல பிள்ளைகள் முதல் எழுத்தை மேலிருந்து கீழாகப் பத்து வரியிலும் போட்டுவிட்டு, பிறகு இரண்டாவது எழுத்துக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சொல்லே அங்கே எழுதப்படவில்லை.

2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை இங்கே பொருந்துகிறது. ஒரு பகுதியைப் படித்தவர்களில் சிலர் அதையே மீண்டும் படித்தார்கள். சிலர் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். மாலையில் ஒப்பித்த சொல் பிறகு மறந்துபோவதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. நினைவிலிருந்து எடுக்கும் முயற்சியே நினைவைப் பலப்படுத்துகிறது.

வீட்டில் இதை இப்படி விளையாடலாம். சொல்லை ஒரு சீட்டில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். நோட்டு முன்னறையில். பிள்ளை ஓடிப்போய்ச் சீட்டைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து எழுத வேண்டும். மறந்தால் மறுபடி ஓடலாம். முதலில் மூன்று ஓட்டம் தேவைப்பட்ட சொல், நாலைந்து நாளில் ஓர் ஓட்டத்தில் முடியும். கடைக்குப் போகும் பட்டியலில் ‘எக்’, ‘மில்க்’, ‘சோப்’ எழுதும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுப்பதும் நல்ல பயிற்சி. படிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்றால் எழுதுவதற்கு அர்த்தம் வந்துவிடுகிறது.

வம்புக்கார எழுத்து

விதிக்கு அடங்காத சொல்லையும் கட்டத்தில் போடலாம். ‘ஃப்ரெண்ட்’டைப் பிள்ளை கேட்டபடி எழுதட்டும். புத்தகத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால் ஆறு எழுத்தில் ஐந்து சரியாகவே இருக்கும். ‘ஐ’ மட்டும்தான் கூடுதல். அந்த ஓர் எழுத்தைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, அதற்கொரு கதை கட்டச் சொல்லுங்கள். சொன்னான் என்று பொருள்படும் ‘செட்’ சொல்லில் நடுவே உள்ள ‘ஏ ஐ’ மட்டுமே வம்பு. முழுச் சொல்லையும் மனப்பாடம் செய்வதைவிட, ஓர் எழுத்தை நினைவில் வைப்பது எத்தனையோ சுலபம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குச் சொந்தக்காரச் சொற்களைத் தேடும் ஆட்டம். இரண்டைக் குறிக்கும் ‘டூ’ சொல்லில் ‘டபிள்யூ’ எதற்கு? ட்வைஸ், ட்வின், ட்வெல்வ், ட்வென்டி எல்லாம் அதன் உறவினர்கள். அவற்றில் அந்த எழுத்து இன்னும் ஒலிக்கிறது. ‘சைன்’ சொல்லில் ஊமையாக இருக்கும் ‘ஜி’, ‘சிக்னல்’ சொல்லில் பேசுகிறது. காரணம் தெரிந்த எழுத்து மறக்காது.

தப்பில் தெரியும் அறிவு

1971-இல் சார்லஸ் ரீட் வெளியிட்ட ஓர் ஆய்வு, குழந்தைகளின் பிழைகளைப் பார்க்கும் விதத்தையே மாற்றியது. பள்ளிக்குப் போகும் முன்பே தாங்களாக எழுதத் தொடங்கிய அமெரிக்கக் குழந்தைகளின் எழுத்தை அவர் ஆராய்ந்தார். ‘டிரக்’ என்ற சொல்லைச் சிலர் ‘சி எச் ஆர்’ என்று தொடங்கியிருந்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஆர்’ முன்னால் வரும்போது அந்த ‘டி’ உண்மையிலேயே ‘ச்’ சாயலில்தான் ஒலிக்கிறது. பெரியவர்களின் காது எழுத்துக்குப் பழகி அதைக் கேட்பதை நிறுத்திவிட்டது. குழந்தை கேட்டதை எழுதியது.

ஆகவே பிழையைப் பார்த்ததும் சிவப்புக் கோடு போடாதீர்கள். “இந்த எழுத்தை ஏன் போட்டே?” என்று கேளுங்கள். சரியான எழுத்துகளை முதலில் டிக் செய்யுங்கள். பிறகு தவறிய இடத்தை மட்டும் சேர்ந்து பார்த்து, பிள்ளையையே திருத்தி எழுதச் சொல்லுங்கள். திருத்தாமல் விடுவதும் சரியல்ல. தவறான வடிவமும் பழகினால் படிந்துவிடும்.

நாளுக்குப் பத்து நிமிடம் போதும். வாரத்துக்கு ஆறு முதல் எட்டுச் சொல். இன்று விளையாடிய சொல் நாளை ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை திரும்ப வரட்டும். இடைவெளி விட்டுச் செய்யும் பயிற்சியின் பலனை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தம் மீதே சோதித்து எழுதிவைத்தார். எட்டு வயதைத் தாண்டியும் பிள்ளை தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுத்துக் கூட்டத் திணறினால், சோம்பேறி என்று சொல்லாமல், டிஸ்லெக்சியா பற்றித் தெரிந்த நிபுணரிடம் காட்டுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் இதற்கென்றே இயங்குகின்றன.

“எங்களுக்கு ஆங்கிலம் வராதே, பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது?” என்று கேட்கும் பெற்றோர் நிறைய. 1993-இல் அய்டின் துர்குனோக்லுவும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் முதல் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். தாய்மொழிச் சொற்களின் ஒலிகளை நன்றாகப் பிரித்தறிந்த பிள்ளைகளே ஆங்கிலச் சொற்களையும் நன்றாகப் படித்தார்கள். ஒலியைப் பிரித்துக் கேட்கும் திறன் ஒரு மொழியில் வளர்ந்தால் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கிறது. ஆகவே பாட்டியும் தாத்தாவும் தமிழிலேயே விளையாடட்டும். ‘மரம்’ எந்தச் சத்தத்தில் தொடங்குகிறது, ‘கல்’லில் ‘க’வை எடுத்துவிட்டு ‘ப’ போட்டால் என்ன வரும் என்று கேட்கட்டும். எதுகை சேர்த்துப் பாடட்டும். அந்தப் பிள்ளையின் காது ஆங்கிலத்துக்கும் சேர்த்தே தயாராகிறது. இம்போசிஷன் நோட்டை மூடிவைத்துவிட்டு, இன்று மாலை பத்து நிமிடம் பிள்ளையோடு உட்காருங்கள்.